பிரேமலாவும் பச்சைப் பொத்தானும்

அலுவலகத்துக்கு வந்ததும் பிரேமலா முதலில் மவுஸைப் பிடுங்கி இழுப்பறைக்குள் போட்டு மூடுவார். பிறகு, முந்தின நாள் யாரோ கட்டி முடித்த இணையப் பக்கத்தைத் திறந்து, விசைப்பலகையை மட்டும் தட்டித் தட்டி மேலிருந்து கீழே இறங்குவார். பொத்தான் மாதிரித் தெரிவதெல்லாம் பொத்தான்தானா என்று பார்க்கும் சோதனை அது. ஏதாவது ஒன்று தட்டலுக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தால், நாற்காலியைச் சுழற்றி அறையைப் பார்ப்பார். "யாருலா இதைக் கட்டினது? இது பட்டன் இல்ல, பட்டன் படம்." எழுதியவர் எழுந்து பக்கத்தில் வரும்வரை நாற்காலி திரும்பியபடியே இருக்கும்.

சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டி வந்தால் இருக்கும் ஸ்கூடாயில், ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது அந்த மென்பொருள் நிறுவனம். கிளினிக், பள்ளி வேன், தளவாடக் கடை என்று அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் இணையப் பக்கம் கட்டித் தருகிறார்கள். கீழே சக்கரம் கழற்றும் சத்தம் எழும்போது மேலே பேச்சு நின்று, அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடரும். பிரேமலாவின் பேச்சு மட்டும் நிற்பதில்லை. நாற்பது வயதைத் தாண்டியவர், குட்டையான உருவம், முடியை இறுக்கிக் கொண்டை போட்டு அதில் ஒரு பென்சிலைச் செருகியிருப்பார். கோபம் வந்தால் அந்தப் பென்சில் கைக்கு வரும். பெரும்பாலும் கையில்தான் இருக்கும்.

கோபப்படுவதற்கு அவர் அலுவலகம் வரவேண்டும் என்பதில்லை. மேசையில் ஒட்டிய க்யூஆர் கட்டத்தைப் போனில் படம் பிடித்தால்தான் ஆர்டர் என்று மாற்றிவிட்ட மாமாக் தேநீர்க் கடையில், பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்துப் பணியாளைக் கூப்பிட்டார். "ஒரு தே தாரிக் குடிக்க எதுக்குலா இவ்ளோ ஜாவாஸ்கிரிப்ட்?" பக்கத்தை இயக்கும் நிரலான ஜாவாஸ்கிரிப்டை ஏதோ பலகாரம் என்று நினைத்த அந்த மனிதர், "ஹாபிஸ்" என்றார். தீர்ந்துவிட்டதாம். அந்த வாரம் முழுக்க பிரேமலா இதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் சிரித்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் முகம் கடுத்தது. "பக்கத்து மேசையில ஒரு தாத்தா எழுந்து போயிட்டாரு தெரியுமா. பசியோட."

புதிதாக வேலைக்குச் சேருபவர்கள் அவரிடம் தவறாமல் கேட்பது ஒன்றுதான். பக்கம் கட்ட ஆயத்தச் சட்டகங்களாக இத்தனை ஃபிரேம்வொர்க் இருக்கின்றனவே, எது நல்லது? பென்சில் கொண்டையிலிருந்து இறங்கும். "ஆங்குலர்னா கல்யாண கேட்டரிங்காரன் மாதிரி. கூடாரம், நாற்காலி, தட்டு, எல்லாம் அவனே கொண்டாந்துடுவான். ஆனா அவன் போட்ட எடத்துலதான் நீ உக்காரணும். ரியாக்ட் அடுப்பு மட்டும் குடுக்கும். சட்டி கரண்டியெல்லாம் நீயே வாங்கிக்க, எந்தக் கடையில வாங்குறதுன்னு ஆபிஸ்ல சண்டையும் போட்டுக்க. வியூல அடுப்பு, சட்டி, கரண்டி ஒரே கடை. ஸ்வெல்ட்டு, முக்காவாசி வேலையை வீட்டுலயே சமைச்சு முடிச்சு, பொட்டலம் கட்டி தபாவ் பண்ணிக் கொண்டாறது. நாலுலயும் சாம்பார் வைக்கலாம். நாலுலயும் தீய வைக்கலாம். சாப்பிட வர்றவங்க யாருன்னு கேட்டியா நீ? அதைக் கேட்டுட்டு வா, அடுப்பைப் பத்தி அப்பறம் பேசலாம்."

இந்தக் கேள்வியை யாரும் கேட்காமல் விட்ட ஒரு வேலைதான் சென்ற ஆண்டு அவரைக் குமுற வைத்தது.

சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸ் செய்யும் ஓர் அறநிலையம் அவர்களுடைய வாடிக்கையாளர். நோயாளிகள் வாரத்தில் மூன்று முறை அங்கே போய் இரத்தத்தைச் சுத்திகரித்துக்கொள்ள வேண்டும். பொதுவிடுமுறை வந்து நாள் மாறினால், மாறிய நாளுக்கு வருவதாகப் போனில் ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து உறுதிசெய்ய வேண்டும். அதை வைத்துத்தான் வேன் வீட்டுக்கு வரும். அந்தப் பக்கத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் வியூவில் கட்டியவர் பிரேமலா. பார்க்க அழகில்லை. சாம்பல் நிறம், பெரிய எழுத்து, ஒரே ஒரு பொத்தான். அதைப் பற்றி ஒரு புகாரும் வந்ததில்லை.

அப்போதுதான் திவாகரன் வந்து சேர்ந்தார். சிங்கப்பூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, எல்லைப் பாலத்து நெரிசல் அலுத்துத் திரும்பிய இளைஞர். கெட்டிக்காரர், மரியாதை தெரிந்தவர். பழைய பக்கத்தை ரியாக்ட்டில் புதிதாக எழுதிவிடலாம் என்று சொன்னார். முதலாளி வள்ளியப்பனுக்கு யோசனை பிடித்துப்போனது. வள்ளியப்பனுக்குக் கணினி தெரியாது, ஆட்களைத் தெரியும். அறநிலையத்தின் தலைவருக்கு அசைகிற, மின்னுகிற பக்கம் ஒன்றின்மேல் ஆசை இருப்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

கூட்டத்தில் திவாகரன் நான்கு ஃபிரேம்வொர்க்குகளையும் வரிசையாக ஒப்பிட்டுத் திரையில் காட்டினார். எதற்கு எத்தனை பேர் ரசிகர்கள், எது எவ்வளவு வேகம், எந்தப் பெரிய நிறுவனம் எதைப் பயன்படுத்துகிறது. பிரேமலா கடைசிவரை பார்த்துவிட்டுக் கேட்டார். "இதுல நம்ம பேஷண்ட் எந்தக் கட்டத்துல இருக்காங்க?"

"அப்படி இல்லக்கா," என்றார் திவாகரன். "வியூ தெரிஞ்ச ஆளு கெடைக்கிறது கஷ்டம். ரியாக்ட்டுன்னு விளம்பரம் போட்டா நெறைய பேரு வர்றாங்க. நாளைக்கு நீங்களும் நானும் இல்லன்னாலும் யாராச்சும் பாத்துக்கலாம்."

"அது நியாயமான காரணம். அதை மொதல்ல சொல்லியிருக்கணும். மத்த படமெல்லாம் எதுக்கு?" பென்சில் மேசையைத் தட்டியது. "ரியாக்ட்டு மேல எனக்கு ஒண்ணும் வஞ்சம் இல்ல தம்பி. ஒண்ணே ஒண்ணு. ஆபிஸ் வைஃபைல ஓட்டிப் பாத்துட்டு முடிஞ்சிருச்சுன்னு சொல்லாதே. மட்டமான போனு ஒண்ணு, மட்டமான லைனு ஒண்ணு, அதுல ஓட்டிக் காட்டு. அப்பறம் வெளிய விடு."

சரி என்றார்கள். செய்யவில்லை. அறநிலையத்தின் ஆண்டு விருந்தில் புதிய பக்கத்தைத் திறந்துவைக்க வேண்டும் என்று தலைவர் நாள் குறித்துவிட்டார். ஹோட்டல் மண்டபத்தில், வள்ளியப்பனின் புத்தம்புதுப் போனில், பக்கம் திரை விலகுவதுபோல் விரிந்து, நடுவில் ஒரு பச்சைப் பொத்தான் மெல்ல மிதந்து வந்து நின்றது. கை தட்டினார்கள். பிரேமலாவும் அந்த மண்டபத்தில் இருந்தார். கை தட்டவில்லை, சாப்பிடவும் இல்லை என்று பிறகு திவாகரன் சொன்னார்.

சிம்பாங் ரெங்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் வசிக்கிறார், அந்த நோயாளிகளில் ஒருவரான செல்லம். தொழிற்சாலையில் வேலை பார்த்து, உடம்பு முடியாமல் நின்றவர். பொதுவிடுமுறைக்காக நாள் மாறிய ஒரு வாரம், மற்றவர்களைப் போல அவரும் போனைத் திறந்தார். பச்சைப் பொத்தான் தெரிந்தது. அமுக்கினார். முடிந்தது என்று போனை வைத்துவிட்டார். குறித்த காலையில் போர்வையும் தண்ணீர்ப் போத்தலுமாக வாசலில் உட்கார்ந்திருந்தார். வேன் வரவில்லை. அறநிலையத்துக்குப் போன் போட்டுக் கேட்டால், "நீங்க கன்ஃபர்ம் பண்ணலையே, உங்க எடத்தை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு, ரெண்டு நாள் பொறுங்க" என்றார்கள். அமுக்கினேன் என்று அவர் சொன்னதை அந்தப் பக்கம் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நாளே கால் வீங்கி, மூச்சு முட்டி, பக்கத்து வீட்டுக்காரர் காரில் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நுரையீரல்வரை நீர் ஏறியிருந்தது. பிழைத்தார். வீடு திரும்பியபோது அறநிலையத்திலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது: முன்னறிவிப்பின்றிச் சிகிச்சைக்கு வரத் தவறினீர்கள். இப்படியே தொடர்ந்தால் சலுகை இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

அறநிலையம் நிறுவனத்தைக் கேட்டது. திவாகரன் சர்வரைச் சோதித்தார். செல்லத்தின் போனிலிருந்து உறுதிப்படுத்தல் எதுவும் வந்து சேரவில்லை. அறிக்கையில் ஒரே வரி எழுதினார்: பயனர் உறுதிசெய்யவில்லை. வள்ளியப்பன் அதை அப்படியே அனுப்பிவிட்டார்.

அந்த வரியை பிரேமலா தற்செயலாகத்தான் படித்தார். படித்ததும் நாற்காலியைச் சுழற்றவில்லை, எழுந்தே வந்துவிட்டார்.

"திவா, சர்வருக்கு வரலைங்கறது உனக்குத் தெரியும். அவங்க அமுக்கலைங்கறது உனக்கு எப்படித் தெரியும்?"

"சர்வர் லாக் பதிவுல ஒண்ணுமே இல்லையேக்கா."

"அது வரலைங்கறதுக்கு சாட்சி. அமுக்கலைங்கறதுக்கு இல்ல. ரெண்டும் ஒண்ணா? மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில படுத்திருந்த ஒரு பொம்பளையை நீ பொய்க்காரின்னு எழுதிட்டே. படிச்சுப் பாரு, நீ எழுதின வரிக்கு அதுதான் அர்த்தம்."

திவாகரன் படித்தார். அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு சந்தேகம் தெரிந்ததாக பிரேமலா நினைவுகூர்கிறார். பிரேமலா கார்ச் சாவியை எடுத்துக்கொண்டார். "வா. அவங்க வீட்டுக்குப் போறோம்." கீழே டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் அலற, இருவரும் அதைத் தாண்டிப் போய்க் காரில் ஏறினார்கள். நெடுஞ்சாலையில் பிரேமலா வண்டி ஓட்டியபடி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் தனக்குப் பயமாக இருந்தது என்கிறார் திவாகரன்.

செல்லம் ஒடிசலான பெண்மணி. ஊசி ஏறி ஏறி இடக்கை நரம்பு கயிறுபோலப் புடைத்திருந்தது. அலுவலகத்திலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றதும் இடத்தைப் பறிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார்.

"நான் அமுக்கினேன்மா," என்றார், இருவரும் உட்காருவதற்கு முன்பே. "சாமி மேல ஆணையா அமுக்கினேன். பொய் சொல்லி எனக்கு என்னா ஆகப்போவுது. ரத்தம் சுத்தம் பண்ணலன்னா சாவுறது நான்தானே."

"நீங்க அமுக்கினது எனக்குத் தெரியும்க்கா," என்றார் பிரேமலா. "அதை இந்தத் தம்பி பாக்கணும். அதுக்குத்தான் வந்தோம். உங்க போனைக் கொஞ்சம் குடுங்க."

விரிசல் விட்ட திரையுடன் ஒரு பழைய போன். திவாகரன் பக்கத்தைத் திறந்தார். கொஞ்ச நேரத்தில் பச்சைப் பொத்தான் பளிச்சென்று வந்து நின்றது. அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அமுக்கினார். அழுத்தி அமுக்கினார். பொத்தான் அழகாக, அசையாமல் இருந்தது.

"உங்களுக்கும் அப்படித்தானா தம்பி?" என்று கேட்டார் செல்லம். அதில் குத்தல் ஒன்றும் இல்லை. தன் போனில்தான் கோளாறு என்று அதுவரை அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். பக்கத்தின் தோற்றம் முதலில் வந்து விழுகிறது. அதற்கு உயிர் கொடுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் மூட்டை பின்னால் வருகிறது. தேதி காட்ட ஒன்று, பொத்தானை மிதக்கவிட ஒன்று, நிழல் விழ ஒன்று என்று கண்டதையும் சேர்த்துக் கட்டிய பெரிய மூட்டை. மூட்டை வந்து சேரும்வரை பொத்தான் வெறும் ஓவியம். எத்தனை முறை அமுக்கினாலும் அது யாருக்கும் சொல்லாது. அலுவலகத்தில் அந்த இடைவெளி கண் சிமிட்டும் நேரம். செம்பனைக்கு நடுவே, இழுத்துப் பறித்து வரும் லைனில், ஒருவர் அமுக்கிவிட்டுப் போனை மூடி வைத்துவிட்டுக் குளிக்கப் போகும் அளவுக்கு நீளம்.

திரும்பும்போது திவாகரன்தான் பேசினார். "ரியாக்ட்டால வந்த வினைக்கா."

"அதையும் சொல்லாதே," என்றார் பிரேமலா. "அடுப்பு மேல பழி போடாதே. அதே ரியாக்ட்டுல சாதாரண ஃபார்ம் ஒண்ணு, உண்மையான பட்டன் ஒண்ணு வச்சிருந்தா மூட்டை வந்தாலும் வராட்டியும் போய்ச் சேர்ந்திருக்கும். அமுக்கினதும் 'கிடைச்சிருச்சு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சொல்லலன்னதும் அவங்களே போன் போட்டிருப்பாங்க. நாளைக்கு நான் வியூல எழுதினாலும் இதே தப்பைப் பண்ணலாம். பண்ணக்கூடாதுன்னு நெனைக்கணும், அவ்ளோதான்."

மறுநாள் வள்ளியப்பனின் அறையில் நடந்ததை அலுவலகம் முழுவதும் கேட்டது, கதவு திறந்திருந்தது. வள்ளியப்பன் கத்துகிற ஆள் இல்லை. "சரி பண்ணிடுங்க," என்றார். "இன்னைக்கே பண்ணிடுங்க. ஆனா ரிப்போர்ட்டை நோண்டாதீங்க பிரேமலா. நம்ம தப்புன்னு எழுதிக் குடுத்தா மத்த கிளினிக்கெல்லாம் என்னா நெனைப்பாங்க? அந்த அம்மாவுக்கு நான் வேற வழியில செய்யுறேன். நல்லதா ஒரு பழக்கூடை அனுப்பிடலாம்."

"அவங்களுக்குப் பழம் ஆகாது பாஸ்."

"என்னாது?"

"கிட்னி போனவங்க கண்ட பழத்தையும் சாப்பிடக்கூடாது. பொட்டாசியம் ஏறி நெஞ்சு நின்னுடும். இத்தனை வருஷமா அவங்களுக்குத்தான் பக்கம் கட்டிக் குடுக்குறோம். இது நமக்குத் தெரியல."

பிரேமலா தன் மேசைக்கு வந்தார். அறநிலையத்தின் நிர்வாகி வாசுகியின் எண்ணை அழுத்தினார். குரலைத் தாழ்த்தவில்லை. "வாசுகி, நான் பிரேமலா பேசுறேன். செல்லம் அக்கா கேஸு. அவங்க அமுக்கியிருக்காங்க. எங்க பட்டன்தான் வேலை செய்யல. நாங்க அனுப்பின ரிப்போர்ட் தப்பு. அந்த வார்னிங்கை எடுத்துடுங்க. எழுத்துல வேணும்னா என் பேருலயே எழுதித் தர்றேன்."

அறையில் யாரும் நிமிரவில்லை. திவாகரன் மட்டும் எழுந்து வந்து பக்கத்தில் நின்று, "என் பேரையும் சேத்துக்குங்கக்கா," என்றார்.

எச்சரிக்கை நீக்கப்பட்டது. ஆனால் வாசுகியோ வேறு யாருமோ செல்லத்தைக் கூப்பிட்டு, உங்களை நம்பாமல் விட்டது தவறு என்று சொல்லவில்லை. அதை நினைத்தால் பிரேமலாவுக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை. "எடுத்துட்டாங்க, சரி. மன்னிப்புக் கேட்டாங்களா? அட அலமாக், ஒரு வார்த்தை, அது கூட வரல." அறநிலையம் ஒப்பந்தத்தை முறிக்கவில்லை, புதுப்பிக்கும்போது மற்ற நிறுவனங்களையும் பார்க்கப்போவதாக மட்டும் சொன்னது. வள்ளியப்பன் பல வாரம் பிரேமலாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரை அந்த வேலையிலிருந்து எடுத்து, ஓடுகள் விற்கும் ஒரு கடையின் பக்கத்துக்கு மாற்றினார். பிரேமலா அந்தக் கடைக்கும் மவுஸ் இல்லாமல்தான் ஓட்டிப் பார்த்தார். பிறகு ஒருநாள் அறநிலையத்துக் கூட்டத்துக்கு நேரமானபோது, வள்ளியப்பன் அவர் மேசைப் பக்கம் வந்து, கண்ணைப் பார்க்காமல், "நீங்களும் வாங்க" என்றார். மன்னிப்பு என்று வைத்துக்கொண்டால் அதுதான்.

பக்கத்தை திவாகரன் திருத்தி எழுதினார். ரியாக்ட்டிலேயே. மூட்டையிலிருந்து பாதிக்கு மேல் எடுத்து எறிந்தார். பொத்தான் இப்போது மிதப்பதில்லை. பழையபடி வியூவுக்கே போயிருக்கலாமே என்று யாரோ பிரேமலாவுக்கு ஆதரவாகச் சொல்லப்போய், பென்சில் முனையில் வாங்கிக் கட்டிக்கொண்டார். "இத்தனை நேரம் நான் என்னா பேசினேன்னு நெனைச்சே நீ?"

வெளியே விடுவதற்கு முன் இருவரும் மறுபடி சிம்பாங் ரெங்கம் போனார்கள். செல்லம் இந்த முறை தேநீர் கொடுத்தார்; உடம்பில் நீர் ஏறக்கூடாதென்று தனக்கு மட்டும் அரை மடக்கு ஊற்றிக்கொண்டார். போனைக் கண்ணருகே வைத்துப் பொத்தானை அமுக்கினார். பக்கம் மாறியது. உங்கள் பதிவு கிடைத்தது, வேன் காலையில் வரும் என்று பெரிய தமிழ் எழுத்தில் வந்தது. செல்லம் எழுத்துக்கூட்டி வாய்விட்டு வாசித்தார். திவாகரன் மூச்சு விட்டார்.

"நல்லா இருக்கு தம்பி," என்றார் செல்லம். பிறகு சற்றுத் தயங்கி, "இருந்தாலும் ஒரு போன் போட்டு கேட்டுக்கிறேன்மா. தப்பா நெனைக்காதீங்க," என்று அறநிலையத்தின் எண்ணைத் தேடத் தொடங்கினார்.

அதுதான் பதிவாகிவிட்டதே என்று சொல்ல திவாகரன் வாயெடுத்தார். பிரேமலா அவரை ஒரு பார்வை பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

வீட்டுக்குள் லைன் கிடைக்கவில்லை. மணி அடித்து அடித்து அறுந்தது. பிரேமலா போனை வாங்கினார், ஒலிபெருக்கியைப் போட்டார், நாற்காலியில் ஏறி, சன்னல் கம்பிகளுக்கு இடையே கையைத் தோள்வரை வெளியே நீட்டி, செம்பனைப் பக்கமாகப் போனைப் பிடித்தார். மணி அடித்தது. யாரோ எடுத்தார்கள். செல்லம் கீழிருந்து தன் பெயரைச் சொன்னார், நாளைச் சொன்னார், மறுபடி சொன்னார். அந்தப் பக்கத்துக் குரல் "ஆமா செல்லம்மா, உங்க பேரு இருக்கு" என்று சொல்லும்வரை, சொன்ன பிறகு செல்லம் வேன் எத்தனை மணிக்கு என்று கேட்டு முடிக்கும்வரை, பிரேமலா கையை உள்ளே இழுக்கவில்லை.